கரி பஸ்ஸுக்கு ஊதுபெட்டி வைத்த கதை

தேனி பைபாஸ் ரோட்டில் என் மருமகன் பட்டறை வைத்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலை இட்லி இறங்கியதும் அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே குறை சொல்லிக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. போன மாதம் ஒரு லாரியின் டர்போவைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவன் என்னைப் பார்த்து, "பெரியவரே, இது என்னன்னு தெரியுதா? எஞ்சினுக்குக் காத்த அமுக்கி ஊட்டுற சாமான். உங்க காலத்துல இதெல்லாம் கண்ணுலயே பாத்திருக்க மாட்டீக" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏலே, இதோட பெரியப்பன கரி பஸ்ஸுல மாட்டிக் குமுளி மலையில ஏத்துனவன்டா நான். நீ சைக்கிளுக்குக் காத்தடிச்சுப் பழகு, போ" என்றேன். பட்டறையே சிரித்தது. கிழவன் அளக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

வேலை கற்றுக்கொண்ட வருடங்களைச் சொல்லி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. தேனியில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தேன், மண்ணெண்ணெயில் கைத்தோல் உரிந்தது, கனவிலும் நட்டு போல்ட்டு வந்தது, கல்யாணம் ஆனது, ஃபிட்டர் ஆனேன். அவ்வளவுதான். அப்போது யுத்தம் வந்துவிட்டது.

பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்தார்கள். போடி ரயில் தண்டவாளத்தையே யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜனங்கள் பஸ்ஸை நம்பி இருந்தார்கள், பஸ் கரியை நம்பி இருந்தது. கரி பஸ் என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. வண்டியின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு நிற்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டினால் ஒரு கேஸ் வரும். அதை எஞ்சின் ஒரு நீளக் குழாய் வழியாக உறிஞ்சி, காற்றோடு கலந்து எரித்து ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெட்ரோலில் இருந்த வலுவில் பாதிதான் இருக்கும். சமவெளியில் சமாளிக்கலாம். மலை அடிவாரமான லோயர் கேம்ப் வந்ததும் "எறங்குங்க, எறங்குங்க" என்று கண்டக்டர் கத்துவார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளையை இடுப்பிலும் அரிசி மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு மலையை நடந்தே ஏறுவார்கள். ஆண்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். டிக்கெட் வாங்கியும் தள்ளுகிற கொடுமை வேறு எந்த ஊரில் உண்டு!

எங்கள் ஷெட்டின் மேஸ்திரி பெயர் ஞானமுத்து. போடி பஜாரைச் சேர்ந்த கிறிஸ்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வேலைக்கு வந்து, அதே வெள்ளையில் வீட்டுக்குப் போகிற மனிதர். எங்கள் மேல் இருந்த கிரீஸ் அவர் மேல் ஏன் ஒட்டாது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சத்தம் போட மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் நாம் முடித்த சாமானைப் பேசாமல் கழற்றி, துடைத்து, நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நாலு அறை வாங்குவதே மேல். புதுச் சாமான் எது வந்தாலும் மண்ணெண்ணெயில் கழுவிப் பலகையில் வைத்து, ஒரு பொழுது முழுக்கத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். ஒரு இரும்பை வெட்டுவதற்கு முன் அதை முருங்கைக் கட்டையில் செய்து பொருத்திப் பார்த்தாக வேண்டும். "இரும்பு போனா யுத்தம் முடிஞ்சாத்தான் கிடைக்கும், முருங்க போனா மறுபடி மொளைக்கும்" என்பார். பொய் சொல்ல மாட்டார். குடிக்கிறவனைக் கண்டால் அந்தத் திசையிலேயே நிற்க மாட்டார்.

அந்தச் சமயத்தில் குமுளி மலையில் ஒரு எஸ்டேட் துரையின் கார் பள்ளத்தில் உருண்டது. துரைக்குக் கை மட்டும் ஒடிந்தது, காருக்குக் கை கால் எதுவுமே மிஞ்சவில்லை. டயருக்கு ஆசைப்பட்டு எங்கள் முதலாளி அதை விலைக்கு எடுத்தார். டயர் கிடைக்காத காலம் அது. வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். அது பந்தயக் கார். ரேடியேட்டருக்கு முன்னால், பம்பர் இருக்க வேண்டிய இடத்தில், அலுமினியத்தில் ஒரு பெட்டி இருந்தது. மேஸ்திரி அதைக் கழற்றிக் கழுவிப் பலகையில் வைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் திறந்தோம். உள்ளே எட்டு போட்ட மாதிரி ரெண்டு உருளை. ஒன்றின் இடுப்பில் மற்றொன்றின் தலை புகுந்து, உரசாமல் சுற்றுகின்றன. ஒரு பக்கம் காற்றை அள்ளி மறுபக்கம் தள்ளுகின்றன.

"பெருமாளு, இது எஞ்சினு மூச்சு விடக் காத்திருக்காம வாயில காத்த ஊதுற பெட்டி" என்று என்னிடம் சொன்னார் மேஸ்திரி. அன்றிலிருந்து அதற்கு ஷெட்டில் ஊதுபெட்டி என்றே பெயர். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நம்ம கரி வண்டிக்கு மூச்சு பத்தலன்னுதான மலை ஏற மாட்டேங்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரை காரின் எஞ்சின் சின்னது, பறக்கிற வேகத்தில் சுற்றுவது. எங்கள் பஸ் எஞ்சின் பெரியது, எருமை நடை. சின்னப் பிள்ளைக்குத் தைத்த சட்டையைப் பெரிய ஆளுக்குப் போடுகிற கதைதான். "ஆகுற காரியமா மேஸ்திரி?" என்றேன். அவர் அளக்க ஆரம்பித்தார்.

எப்படி அளந்தார் என்று கேளுங்கள். கெட்டியான பழைய கியர் ஆயிலை ஊதுபெட்டியின் வாயில் ஊற்றி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் விழுந்ததை அவர் வீட்டு உழக்கால் அளந்தார். பஸ் எஞ்சினின் ஒரு சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி அதையும் அதே உழக்கால் அளந்தார். உழக்கை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன அன்று அவர் வீட்டம்மா என்ன சொன்னார் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் எஞ்சின் சுற்றுவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெட்டி சுற்றினால்தான் பஸ்ஸுக்குப் போதும் என்று கணக்கு வந்தது. துரை காரில் அது எஞ்சின் மூக்கிலேயே நேராக மாட்டியிருந்தது. எங்களுக்கோ அந்த இடத்தில் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். அதனால் பெட்டியை எஞ்சினுக்குப் பக்கவாட்டில் தாங்கு கொடுத்து உட்கார வைத்து, பெரிய புல்லியிலிருந்து சின்னப் புல்லிக்கு பெல்ட் போட்டோம். பெல்ட்டு பஞ்சாலையில் கழித்துப் போட்டது, அதை ரெண்டாகக் கிழித்துத் தைத்தோம். தாங்குக்கு மூன்று முறை முருங்கைக் கட்டையில் மாதிரி செய்தேன். மூன்று முறையும் பேசாமல் கழற்றி என் முன்னால் வைத்தார். நாலாவது முறை வைக்கவில்லை. அதுதான் பாராட்டு.

கேஸும் காற்றும் கலந்த பிறகு அது ஊதுபெட்டிக்குள் போகும். பெட்டி அதை அமுக்கி, ஒரு சின்ன இரும்புக் குழாய் வழியாக எஞ்சினுக்குத் தள்ளும். பெட்டி அலுமினியம், குழாய் இரும்பு. அந்த ரெண்டும் சேருகிற இடத்தில், எப்போதும் வைக்கிற மாதிரி, வார்னீஷில் ஊறவைத்த அட்டையை வெட்டி வைத்து முடுக்கினோம். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிரைவர் மொக்கராசுவைச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரன், வாய் ஓயாத ஆள். ஒரு காலத்தில் மகா குடிகாரன். பெண்டாட்டி பேச்சியம்மாள் ஒரு நாள் அவனை வீரபாண்டி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், "இனித் தொட்டா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன், திரும்பி வர மாட்டேன்" என்று சொல்லி, கற்பூரத்தை அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினாள். அதோடு சாராயத்தை விட்டான். ரெண்டு வருடமாகத் தொடவில்லை. அதற்குப் பதிலாகப் பீடியைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி ஷெட்டுக்குள் பீடியைப் பற்றவைக்க விடமாட்டார், ஒரே ஒரு சமயத்தைத் தவிர.

கரி பஸ்ஸில் குழாய் இணைப்பு எங்காவது விட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது பீடியை இணைப்புக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். எஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது அல்லவா, ஓட்டை இருந்தால் புகை உள்ளே இழுக்கப்படும். இழுத்தால் கோளாறு, இழுக்காவிட்டால் வேலை சுத்தம். எஞ்சினிலிருந்து அடுப்பு வரைக்கும் எல்லா இணைப்புக்கும் இதுதான் பரீட்சை. தேனி ஷெட்டு மட்டுமல்ல, கம்பம், போடி எல்லாப் பட்டறையிலும் இதையே செய்தார்கள்.

ஊதுபெட்டி பூட்டி முடிந்ததும் மேஸ்திரி கூப்பிட்டார்: "ஏலே மொக்கராசு, பத்தவை."

அவன் ராஜா மாதிரி பீடியைப் பற்றவைத்து, ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்துக்கொண்டு வந்தான். பெட்டிக்கும் குழாய்க்கும் இடையே இருந்த அந்த இணைப்பிலும் பிடித்தான். புகை உள்ளே போகவில்லை. "சுத்தம் மேஸ்திரி! பொட்டு இழுப்பு இல்ல" என்றான். "அணைச்சிரு" என்றார் மேஸ்திரி. ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அணைத்தான்.

முதல் நாள் மலை ஏறியதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. லோயர் கேம்ப்பில் பழக்கதோஷத்தில் எல்லோரும் இறங்க எழுந்தார்கள். "உக்காருங்க, உக்காருங்க, எவரும் எறங்கப்படாது!" என்று மொக்கராசு திரும்பிக் கத்தினான். ஊதுபெட்டி ஒரு ஊளை ஊளையிட்டது பாருங்கள், ரோட்டோரக் குரங்கெல்லாம் மரம் ஏறிவிட்டது. வண்டி நிற்காமல் மலை ஏறியது. முன்சீட்டில் இருந்த ஒரு பெண், "அய்யா டிரைவரு, நீங்க நல்லாயிருக்கணும், என் கழுத்து தப்பிச்சிச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். குமுளி டீக்கடை மலையாளி வெளியே ஓடிவந்து, "எந்தா இது, ஏரோப்பிளேனோ?" என்றார். மொக்கராசு அவரிடம் ஓசி டீ வாங்கிக் குடித்தான்.

கொஞ்ச நாள் இப்படி ராஜபோகமாகப் போயிற்று. நான் பின்சீட்டில் இருந்து பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கூடப் போய் வருவேன். இடையில் ரெண்டு மூன்று தடவை மொக்கராசு, "மண்டைய இடிக்குதுடா பெருமாளு" என்றான். வெயில் என்றேன். வேறென்ன சொல்ல?

பிறகு மழை பிடித்தது. வண்டியின் பக்கத் திரைகளை எல்லாம் இறக்கிக் கட்டிவிட்டார்கள். அன்று மலையில் பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவில் வண்டி திரும்பவில்லை. நேரே போய் ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது. ஏறுகிற வண்டி, வேகம் இல்லை, பிழைத்தோம். ஒருவருக்கு மூக்கில் ரத்தம். முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். நான் ஓடிப்போய் டிரைவர் கதவைத் திறந்தேன். மொக்கராசு என் மேலேயே சரிந்தான். முகம் செக்கச் சிவந்திருந்தது. கண் சொருகியிருந்தது. வாந்தி எடுத்தான். நிற்க வைத்தால் கால் பின்னியது. ஏதோ பேசினான், வார்த்தை குழறியது.

"குடிச்சுப்பிட்டு ஓட்டிருக்கான் பாவி! எங்க உசுரு இவனுக்கு எளக்காரமாப் போச்சா?" என்று கூட்டம் அடிக்க வந்தது. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். தடுத்துக்கொண்டே அவன் வாயை மோந்து பார்த்தேன். வாந்தி நாற்றம், பீடி நாற்றம். சாராய வாடை இல்லை.

இதை அப்படியே மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு பெருமாளு. கிராம்ப மென்னுட்டு வந்து நிப்பாரு, வாடையே வராது. எங்கம்மா சாகுற வரைக்கும் நம்புனாக. வாடைய வச்சு எனக்குச் சொல்லாத" என்றார்.

முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மெஷின்ல கோளாறுன்னா மேஸ்திரி சொல்லட்டும். இல்லேன்னா டிரைவர்லதான் கோளாறு. லைசன்ச போலீசுல குடுத்துர வேண்டியதுதான்." மேஸ்திரி வண்டியைப் பார்த்தார். ஸ்டியரிங் சரி, பிரேக் சரி. வேறொருவரைக் கூப்பிட்டுப் பீடிப் பரீட்சையும் செய்தார். புகை எங்கேயும் உள்ளே போகவில்லை. "மெஷின் சுத்தம்" என்றார்.

அந்த ரெண்டு வார்த்தையில் மொக்கராசுவின் வேலை போயிற்று. பேச்சி அன்றே துணியை மூட்டை கட்டிக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்கு, ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் தினமும் காலையில் ஷெட்டு வாசலில் வந்து நிற்பான். உள்ளே வர மாட்டான். வாய் ஓயாத ஆள், ஒரே வார்த்தைதான் சொல்வான்: "நான் குடிக்கல மேஸ்திரி." மேஸ்திரி தலை நிமிர மாட்டார். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். சில நாளில் மொக்கராசு வருவதையும் நிறுத்திவிட்டான்.

வேறு டிரைவர் போட்டு வண்டியை விட வேண்டுமே. அதற்கு முன் வண்டி நன்றாக இழுக்கிறதா என்று பார்க்க, பின்சக்கரங்களைக் கட்டையில் தூக்கி நிறுத்தி, அடுப்பை மூட்டி, மேஸ்திரியே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கைப் பாதி அமுக்கிக்கொண்டு எஞ்சினை மலை ஏறுகிற மாதிரி கஷ்டப்படுத்தி ஓடவிட்டு, கேஸோடு கலக்கிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். மழைச் சாரல் அடித்தது. ஷெட்டின் தகரக் கதவை இழுத்து மூடினோம். ஊதுபெட்டி ஊளையிட்டது. அவர் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. ஒரு வேலையில் இறங்கிவிட்டால் அவருக்குச் சாப்பாடு கூட நினைவிருக்காது.

கடைசியில் எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். படியில் வைத்த கால் படியில் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, லைட்ட எதுக்கு அணைச்ச?" என்றார். பட்டப்பகல்! எதிரே இருந்த தூணைப் பார்த்து, "தள்ளி நில்லுப்பா, வழிய விடு" என்று அதட்டினார். தூண் தள்ளி நிற்காததால் அதைச் சுற்றிப் போகப் பார்த்து, சுற்ற முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ். முகம் ரத்தச் சிவப்பு. பின்னால் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு, "மேஸ்திரியும் போட்டுட்டாரு போல" என்றான். மேஸ்திரி வாந்தி எடுத்தார்.

மொக்கராசுவை மலையில் தாங்கிப் பிடித்தபோது பார்த்த அதே முகம். "கதவத் தொறங்கடா!" என்று கத்திக்கொண்டு அவரை வெளியே இழுத்துப் போய் மழையில் போட்டேன். நெடுநேரம் கழித்துத்தான் கண் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"என் வாய மோந்து பாரு."

"மேஸ்திரி..."

"மோந்து பாருன்னா பாரு. சாராய வாட வருதா?"

"வரல மேஸ்திரி."

"மொக்கராசு வாயையும் மோந்தேன்னு சொன்னியே?"

"சொன்னேன். நீங்க கேக்கல" என்றேன்.

மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "பூந்திக்கொட்டை ஊறப்போடு" என்றார்.

சோப்பு கிடைக்காத யுத்த காலத்தில் எங்களுக்குக் கை கழுவ பூந்திக்கொட்டைதான். அதை நுரை பொங்கக் கரைத்து எடுத்துக்கொண்டு, கதவுகளை விரியத் திறந்து வைத்து, எஞ்சினை மறுபடி சூடேறும்வரை ஓடவிட்டோம். மேஸ்திரி நுரையை அள்ளி அந்த ஒரு இணைப்பில், பெட்டிக்கும் குழாய்க்கும் இடையில், அப்பினார். குமிழி குமிழியாகப் பொங்கியது. சட்டியில் பால் பொங்குகிற மாதிரி நிற்காமல் பொங்கியது.

பார்த்துக்கொண்டே நின்றோம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுவரை நாங்கள் பார்த்த குழாயெல்லாம் உள்ளே உறிஞ்சுகிற குழாய். இது ஒன்றுதான் வெளியே தள்ளுகிற குழாய். இதில் ஓட்டை இருந்தால் பீடிப் புகை உள்ளே எப்படிப் போகும்? கேஸல்லவா வெளியே வரும்! அலுமினியமும் இரும்பும் சூட்டில் வேறு வேறாக விரிந்து, நடுவில் இருந்த அட்டை கருகி, மலை ஏற ஏற நஞ்சுக் கேஸ் பெடல் சந்து வழியாக டிரைவர் காலடிக்கு வந்திருக்கிறது. அடுப்பு மூடியைத் திறக்கிறபோது கேஸ் தாக்கி மயங்குகிற ஆட்களை நாங்கள் பார்த்ததுண்டு. ஆனால் அது வண்டிக்குப் பின்னால் நடக்கிற காரியம். முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வரும் என்று எவனுக்குத் தோன்றும்?

நான் ஸ்பேனரை எடுத்தேன். "அத அப்பறம் பாப்பம். முதல்ல ஆளு" என்றார் மேஸ்திரி. முதலாளியிடம் போய், "மெஷின்ல கோளாறு. என் வேலையில கோளாறு. டிரைவர் மேல தப்பில்ல" என்று நின்றபடியே சொல்லிவிட்டு வந்தார். கிரீஸ் சட்டையை மாற்றக்கூட இல்லை. ரெண்டு பேரும் மொக்கராசுவைத் தேடிக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டில் இல்லை. வீரபாண்டி ஆற்றங்கரையில், கோயிலுக்கு எதிர்க்கரைப் புளியமரத்தடியில் கிடந்தான். பத்தடி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சாராய வாடை.

எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். "வாங்க மேஸ்திரி! என்ன பெருமாளு, இப்ப வந்து மோந்து பாரு. இப்ப வரும்."

மேஸ்திரி நடந்ததைச் சொன்னார். ஒளிக்காமல், சுருக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தூணை அதட்டியதைக்கூடச் சொன்னார். மொக்கராசு வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு தன் கையை விரித்துப் பார்த்தான். "பீடிய நான்தான பிடிச்சேன். நானே சுத்தம்னு சொன்னேன்" என்றான். மறுபடி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. குப்புற விழுந்து அழுதான்.

"நேத்து வரைக்கும் தொடல மேஸ்திரி. அந்த ஆத்தா மேல சத்தியமாத் தொடல. எத்தன நாளு வந்து சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. பேச்சியும் கேக்கல. குடிகாரன்னு முடிவு பண்ணிட்டீக, இனிக் குடிச்சா என்ன குடிக்காட்டி என்னன்னு இன்னைக்குத்தான் போனேன். ஒரு நாளு முன்னாடி வந்திருக்கக் கூடாதா மேஸ்திரி? ஒரே ஒரு நாளு!"

குடிக்கிறவன் இருக்கிற திசையிலேயே நிற்காத மனிதர், அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அவன் வாந்தி எடுத்தபோது நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுப்பா, தப்பு என்னுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. மொக்கராசுவைக் கைத்தாங்கலாக ஷெட்டுக்குக் கொண்டுவந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, மோர் கொடுத்துப் படுக்க வைத்தோம்.

விடிந்ததும் மேஸ்திரியும் நானும் மார்க்கையன்கோட்டை போனோம். பேச்சி வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து வரப்புக்கு வந்தாள். மேஸ்திரி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, குழாய், அட்டை, கேஸ் எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவள் கண் அவர் முகத்தை விட்டு அகலவில்லை.

"அப்ப அவுக குடிக்கலியா?"

"குடிக்கல தாயி. வண்டி கேஸு தாக்கியிருக்கு. எனக்கே தாக்கிருச்சு."

அவள் வேறு எங்கோ பார்த்தாள். பிறகு திரும்பினாள். "மேஸ்திரி, அவுகள எனக்குத் தெரியும். மனசு ஒடிஞ்சா அங்கனதான் போவாக. நான் வந்து இத்தன நாளாச்சு. பைபிள் படிக்கிறவுக நீங்க, பொய் சொல்ல மாட்டீக. அதான் உங்கள்ட்டக் கேக்குறேன். இன்னைக்கு வரைக்கும் தொடலியா?"

மேஸ்திரியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சேற்றில் கால் புதைய நட்டுக்கொண்டிருந்த மற்றப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொடல" என்றார் மேஸ்திரி. "இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தொடல."

பேச்சி வரப்பிலேயே உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். "அழாத தாயி. கிளம்பு. பஸ்ஸு போயிரும்" என்றார். கையிலிருந்த துண்டைத் தோளில் போடாமலேயே நடக்க ஆரம்பித்தார்.

அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய செம்புப் பானை ஒன்றை வெட்டித் தட்டி அந்த இணைப்பில் வைத்தோம். பெடல் சந்துகளைத் தோல் வைத்து அடைத்தோம். பூந்திக்கொட்டை நுரையில் ஒரு குமிழிகூட வரவில்லை. முதலாளி லைசன்சைத் திருப்பி வாங்கிக் கொடுத்து மொக்கராசுவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார். வண்டி மறுபடி மலைக்குப் போக ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டே தீப்பிடித்தாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மேஸ்திரி அன்று போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. காலையில் நேரே ஷெட்டுக்கு வந்து, மொக்கராசுவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "போ" என்றார். அன்று முழுக்க அந்த சீட்டை விட்டு அவர் இறங்கவில்லை.